நீல வெளிச்சமும் நெடுநாள் அச்சமும்

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மஃரிபுத் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது, வாசலில் ஒரு தாய் தம் மகனுடன் காத்திருந்தார். பையனுக்குப் பத்து வயதிருக்கலாம். "ஹஜ்ரத், மூணு நாளா பிள்ளை கண்ணு மூடல. எதையோ கண்டு பயந்திருக்கான். ஓதிப் பார்த்து ஒரு தாவீசு எழுதித் தாங்க" என்றார். பையனைத் தனியே அழைத்து மெல்ல விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. ஒரு விடுமுறை நாள் இரவில், மாமன் வீட்டுப் பிள்ளைகளோடு போர்வைக்குள் ஒளிந்துகொண்டு, கைப்பேசியில் பேய்ப்படம் ஒன்றைப் பார்த்திருக்கிறான். ஆயத்துல் குர்ஸியையும், பாதுகாவல் தேடும் இறுதி இரு அத்தியாயங்களையும் ஓதி ஊதினேன். தாவீசு தேவையில்லை என்று தாயிடம் சொன்னேன். புறப்படும் நேரத்தில் பையன் திரும்பி நின்று, "ஜின் உண்டுன்னு குர்ஆன்ல இருக்குல்ல? அப்ப பேயும் உண்டுதானே?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால், அறிஞர்கள் பலரும் நூற்றாண்டுக் கணக்கில் எண்ணிப் பார்த்த ஒன்றைத்தான் அவன் கேட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடியபோது, நம் பொதிகை மலைக்கு அப்பால் 1964ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் என் நினைவுக்கு வந்தது. வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய 'பார்கவி நிலையம்' என்னும் மலையாளப் படமே அது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அது மறக்கப்படவில்லை. ஆடம்பர அரங்குகளும் தந்திரக் காட்சிகளின் ஆரவாரமும் இல்லாத ஒரு பேய்க்கதை எவ்வாறு இத்தனை காலம் நிலைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். திரைப்படக் கலைக்குப் பரிந்து பேச நான் முற்படவில்லை. மனித மனத்தின் அச்சத்தைப் பற்றியும், அந்த அச்சத்தால் நம் குடும்பங்களுக்கு விளைந்துள்ள நன்மை தீமைகளைப் பற்றியும் பேசுவதே என் கருத்து.

தாமிரபரணிக் கரையின் பேய்க்கதைகள்

பொதிகையில் தோன்றிச் சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, நெல்லைச் சீமைக்கு நெல்லை மட்டுமன்றிக் கதைகளையும் விளைவித்துத் தந்திருக்கிறது. அக்கதைகளில் பெரும்பாலானவை அகால மரணத்தைப் பற்றியவை. வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் விடிய விடியப் பாடிவந்த முத்துப்பட்டன் கதை அவற்றுள் ஒன்று. உயர்குலத்தில் பிறந்தும், தாழ்த்தப்பட்ட குலத்துச் சகோதரியர் இருவரை மணந்து, மாடுகளைக் கவர வந்த கள்வரோடு பொருது, வஞ்சனையால் வீழ்ந்தவன் முத்துப்பட்டன். காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் அவன் இன்றும் வணங்கப்படுகிறான். இத்தகைய கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர், பாளையங்கோட்டையில் வாழ்ந்த பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) ஆவார்.

இதே வட்டாரத்தின் பேய் வழிபாட்டைப் பற்றி 1849இல் நூல் எழுதியவர் பாதிரியார் கால்டுவெல். அந்நூலின் தொனி இங்குள்ள மக்களைப் புண்படுத்தியது என்பது வரலாறு. எனினும் அதில் காணும் ஒரு செய்தி கருதத் தக்கது. 1809இல் திருவிதாங்கூரின் எல்லைக் கோட்டையைத் தாக்கிய போரில் காயமுற்று இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியைத் தேரிக்காட்டு மணலில் அடக்கம் செய்தார்கள். பின்னர் அந்தக் கல்லறைக்கு மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபடத் தொடங்கினார்களாம். அந்நியன், ஆட்சியாளன், வேற்று மதத்தவன் என்னும் வேறுபாடுகளெல்லாம் மறைந்து, ஊரும் உறவும் இன்றித் தனிமையில் மாண்டவன் என்பதொன்றே மக்கள் மனத்தில் நின்றது.

ஏகத்துவம் கொண்ட நமக்கு இத்தகைய வழிபாடுகளில் உடன்பாடில்லை. ஆனால் இக்கதைகளின் அடியில் ஓடும் உணர்ச்சி எது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அநியாயமாகப் பறிக்கப்பட்ட உயிருக்குக் கணக்குக் கேட்க ஒருவர் உண்டு என்னும் நம்பிக்கையே அது. மறுமையில் அக்கணக்கு தீர்க்கப்படும் என நாம் நம்புகிறோம். அந்நாளை அறியாதவர்கள் இம்மையிலேயே ஒரு பேயை எழுப்பிக் கணக்குக் கேட்க வைத்தார்கள்.

மலையின் இருபுறத்து இரு கதைகள்

பொதிகை மலை நம்மையும் மலையாள நாட்டையும் முற்றும் பிரித்துவிட்டதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியே வணிகம் நடந்தது. 1904இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. செங்கோட்டையே 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர், பின் திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் இருந்த ஊர். ஆகவே கதைகளும் மலையேறி இறங்கியதில் வியப்பில்லை.

நெல்லையைப் பூர்வீகமாகக் கொண்டு, இங்குள்ள இந்துக் கல்லூரியில் பயின்ற புதுமைப்பித்தன் (1906–1948), 1943இல் 'காஞ்சனை' என்னும் சிறுகதையை எழுதினார். ஓர் எழுத்தாளன், அவன் மனைவி, யாசகம் கேட்டு வந்து வீட்டு வேலைக்கு அமர்ந்துவிடும் ஒரு பெண் ஆகிய மூவரே அதன் மாந்தர். வந்தவள் மானிடப் பெண்தானா என்னும் ஐயம் எழுத்தாளனை இரவிரவாக வாட்டுகிறது. ஐயம் தீராமலே கதை முடிகிறது. படித்த மனம் நம்ப மறுக்கிறது. அதே மனம் அஞ்சவும் செய்கிறது. அந்த முரண்பாட்டைத் தமிழில் இத்தனை கூர்மையாக எழுதியவர் வேறொருவர் இல்லை எனலாம்.

மலையின் மறுபுறத்தில், வைக்கத்தை அடுத்த தலையோலப்பறம்பில் 1908இல் பிறந்தவர் முகம்மது பஷீர். 1930இல் கோழிக்கோட்டில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்து சிறை சென்றவர். பின்பு ஊர் ஊராக அலைந்து வாழ்க்கையைக் கற்றவர். பேப்பூரில் வாழ்ந்து 1994இல் மறைந்த அவரைக் கேரள மக்கள் 'பேப்பூர் சுல்தான்' என்றே அழைத்தனர். அவர் எழுதிய 'நீல வெளிச்சம்' என்னும் கதையிலும் நாயகன் ஓர் எழுத்தாளனே. குறைந்த வாடகைக்குக் கிடைத்த ஒரு பழைய வீட்டில் குடியேறுகிறான். பார்கவி என்னும் பெண் காதல் தோல்வியால் அங்கேயுள்ள கிணற்றில் குதித்து இறந்தாள் என்றும், அவளுடைய ஆவி அந்த வீட்டில் உலவுகிறது என்றும் ஊரார் எச்சரிக்கின்றனர். ஓடிப்போக வழியில்லாத அவன் வேறொரு காரியம் செய்கிறான். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெண்ணோடு மரியாதையாகப் பேசத் தொடங்குகிறான். தான் வந்த காரணத்தைச் சொல்கிறான். கிராமபோனில் இசைத்தட்டு வைத்து அவளையும் கேட்கச் சொல்கிறான். நாளடைவில் அச்சம் தேய்ந்து தோழமை வளர்கிறது. ஒருநாள் இரவு விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோகவே, நண்பர்களிடம் வாங்கிவரச் செல்கிறான். திரும்பி வந்து பார்த்தால், எண்ணெயற்ற விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அறை முழுதும் நீல வெளிச்சம். விளக்கை ஏற்றியவர் யார் என்னும் கேள்வியோடு கதை முடிந்துவிடுகிறது.

இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். காஞ்சனை வீட்டுக்குள் வந்து அமைதியைக் குலைக்கிறாள். பார்கவியோ வீட்டுக்கு உரியவள்; வந்து குடியேறியவன்தான் அந்நியன். ஆதலால் அனுமதி கேட்கும் கடமை அவனுடையதாகிறது. பிறர் இல்லத்தில் ஸலாம் கூறி அனுமதி பெற்றே நுழைய வேண்டும் எனப் பழக்கப்பட்ட ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளையின் எழுத்தில் இந்தப் பண்பு இயல்பாக அமைந்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

படம் உருவான விதம்

இந்தச் சிறுகதையை விரித்துத் திரைக்கதையும் உரையாடலும் எழுதியவர் பஷீரேதான். தயாரித்தவர் கொச்சியைச் சேர்ந்த டி. கே. பரீக்குட்டி. 1954இல் 'நீலக்குயில்' படத்தை எடுத்து, மலையாளப் படவுலகுக்குக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் அவர். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட்டையே அவர் இதற்கு இயக்குநராக்கினார். வின்சென்ட் நமக்கு அந்நியர் அல்லர். ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' (1959), ஒரே மருத்துவமனை அரங்கில் படமாக்கப்பட்ட 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), முற்பிறவிக் கதையான 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) ஆகிய தமிழ்ப் படங்களின் ஒளிப்பதிவாளர் அவரே. ஒரே கட்டடத்தில் ஒரு முழுக்கதையை எவ்வாறு சொல்வது, பாழடைந்த மாளிகையில் நிழலை எவ்வாறு நடமாட விடுவது என்னும் பாடங்களைத் தமிழ்ப் படங்களில் பயின்றுகொண்டே அவர் 'பார்கவி நிலைய'த்துக்குச் சென்றார் என்று சொன்னால் மிகையாகாது.

எழுத்தாளராக மது நடித்தார். காதலனாகிய கலைஞன் சசிகுமாராக நடித்தவர், அப்துல் காதர் என்னும் இயற்பெயர் கொண்ட பிரேம் நசீர். பார்கவியாக விஜய நிர்மலா நடித்தார். பிற்காலத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட படங்களை இயக்கி, உலகிலேயே மிகுதியான படங்களை இயக்கிய பெண்மணி எனப் பெயர் பெற்றவர் அவர். பி. பாஸ்கரன் பாடல்களை எழுத, இசையமைத்தவர் கோழிக்கோட்டு எம். எஸ். பாபுராஜ். வங்காளத்திலிருந்து வந்த இந்துஸ்தானி இசைவாணர் ஒருவரின் மகனாகிய முகம்மது சாபிர்தான் பாபுராஜ். யேசுதாஸும் எஸ். ஜானகியும் பாடிய அந்தப் பாடல்கள் இன்றும் கேரளத்தில் ஒலிக்கின்றன. பாடல்களுக்கு உயிர் கொடுத்த பாபுராஜோ 1978இல் வறுமையில் வாடிச் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். ஒரு கலைஞனைச் சமுதாயம் நினைவில் வைத்தும் கைவிட முடியும் என்பதற்கு அவர் சான்று.

இப்படத்தில் அச்சமூட்டும் கருவிகள் எவை? பூட்டிக் கிடந்த ஒரு வீடு, ஒரு கிணறு, தானே ஆடும் ஊஞ்சல், வெள்ளைச் சேலை, காற்றில் வரும் பாட்டு. இவ்வளவுதான். இருளை ஒளிப்பதிவு செய்யப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. காட்டப்படாததைப் பார்ப்போர் தம் மனத்திலிருந்தே எடுத்து நிரப்பிக்கொள்கிறார்கள். அவரவர் ஊரில் கேட்ட கதை அவரவர் கண்ணுக்குத் தெரிகிறது. இதை மேலைநாட்டாரும் கண்டறிந்தனர். 1962இல் அமெரிக்காவில் ஹெர்க் ஹார்வி என்பவர் சுமார் 33,000 டாலர் செலவில், கைவிடப்பட்ட ஒரு கேளிக்கை மண்டபத்தை வைத்துக்கொண்டு 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' என்னும் படத்தை எடுத்தார். வெளிவந்தபோது அது கவனிக்கப்படவில்லை. பிற்காலத்தில் நள்ளிரவுத் தொலைக்காட்சி வழியே புகழ் பெற்றது. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ சிறு முதலீட்டில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போயிற்று. அதனால் யார் வேண்டுமானாலும் அதைத் திரையிடலாம் என்றாகி, உலகெங்கும் பரவியது. 1999இல் அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பேணுகைப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. கைப்பொருள் குறைந்தவன் இருளையும் தனிமையையும் முதலாக வைத்து வென்ற வரலாறுகள் இவை.

ஜின்னும் இன்ஸும்

இங்கே அரபு மொழி நமக்கு ஓர் அரிய விளக்கம் தருகிறது. ஜீம், நூன், நூன் என்னும் வேர் 'மறைத்தல்' என்ற பொருளுடையது. கண்ணுக்கு மறைந்திருப்பதால் ஜின். தாயின் வயிற்றில் மறைந்திருப்பதால் கரு 'ஜனீன்'. மரங்கள் நிலத்தை மறைப்பதால் சோலை 'ஜன்னத்'. அறிவு மறைக்கப்பட்டவன் 'மஜ்னூன்'. இதற்கு எதிர்ச்சொல் 'இன்ஸ்'. அதாவது மனித இனம். 'உன்ஸ்' என்னும் தோழமையோடும் நெருக்கத்தோடும் அச்சொல்லை இணைப்பர் மொழிநூலார். 'இன்ஸான்' என்பதற்கு 'நிஸ்யான்' என்னும் மறதியைப் பொருத்திக் காட்டுவாரும் உளர். ஆக, மனிதன் தோழமை நாடுபவன்; மறக்கக்கூடியவனும் ஆவான். உன்ஸுக்கு மாறானது 'வஹ்ஷத்' என்னும் தனிமைத் திகில்.

ஹிஜ்ரி 255இல் (கி.பி. 869) காலமான பஸராவின் பேரறிஞர் ஜாஹிஸ், தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் இந்த வஹ்ஷத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பாலைவனத்தில் நெடுங்காலம் தனித்திருப்பவனுக்குச் சிறியது பெரியதாகத் தெரியும். கேளாத ஒலி கேட்கும். அவன் கண்டதாக எண்ணியதைப் பின்னர் கவிதையாக்குவான். அக்கவிதையைக் கேட்டு வளரும் பிள்ளை அடுத்த இருளில் அதையே காண்பான் என்னும் கருத்தைத் தம் ஆசிரியர் நள்ளாமின் வாயிலாக அவர் விளக்குகிறார். இருவரும் முஃதஸிலாக் கொள்கையினர். அவர்களது அகீதா நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அச்சம் எவ்வாறு கதையாகிறது, கதை எவ்வாறு மீண்டும் அச்சமாகிறது என்பதைச் சுமார் 1,150 ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் இத்துணைத் தெளிவாக எழுதினார் என்பது வியப்புக்குரியது. போர்வைக்குள் கைப்பேசி பார்த்த பையனின் நிலையும் அதுவேயன்றோ?

இனி மார்க்கத்தின் நிலையைக் காண்போம். ஜின் உண்டு, ஐயமில்லை. புகையற்ற நெருப்பின் கொழுந்திலிருந்து அது படைக்கப்பட்டதைத் திருமறை கூறுகிறது. 72ஆம் அத்தியாயம் ஜின்னின் பெயரையே தாங்கியுள்ளது. நம் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் ஜின்கள் ஈமான் கொண்ட செய்திக்கென ஒரு படலத்தை வகுத்தார். ஹிஜ்ரி 769இல் மறைந்த காழி பத்ருத்தீன் ஷிப்லீ, ஜின்களைப் பற்றிய சட்டங்களைத் தொகுத்து 'ஆகாமுல் மர்ஜான்' என்று ஒரு நூலே இயற்றினார். எனினும் ஜின்னுக்கு மறைவான ஞானம் இல்லை. சுலைமான் நபி (அலை) அவர்கள் கைத்தடியில் சாய்ந்தவாறே வஃபாத்தானபோது, கறையான் தடியை அரித்து அவர்கள் சாயும்வரை ஜின்கள் அதை அறியவில்லை என்பதும் திருமறை தரும் செய்தியே. இறந்தோரின் நிலை வேறு. அவர்களுக்கும் இவ்வுலகுக்கும் இடையே மறுமை நாள்வரை 'பர்ஸக்' என்னும் திரை இடப்பட்டுள்ளது. கொலையுண்டவனின் உயிர் ஆந்தையாகிப் பழி கேட்டு அலறும் என்று அறியாமைக் கால அரபிகள் நம்பினர். 'ஹாமா' எனப்பட்ட அந்த நம்பிக்கையையும், வழி கெடுக்கும் 'கூல்' என்னும் பூதத்தின் கதையையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துரைத்தார்கள். ஆகவே ஜின் வேறு. செத்தவர் பேயாக வருவது என்பது வேறு.

திரைப்படங்களோ இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டன. ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி 1967இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தில், குடுவையிலிருந்து வெளிப்படும் ஜின் தமிழில் பூதமாகி, வேடிக்கைப் பொருளாகவும் ஆயிற்று. பிள்ளைகள் குழம்புவதில் வியப்பென்ன?

பழி சுமந்த பெண்ணுக்குக் கேட்ட கணக்கு

அப்படியானால், 'பார்கவி நிலைய'த்தில் நமக்கென்று என்ன இருக்கிறது?

பேயைக் கழித்துவிட்டு அதன் கதையைப் பாருங்கள். பார்கவி காதலில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டாள் என்பது ஊரார் கூற்று. அந்தக் கூற்றை எவரும் விசாரித்ததில்லை. எழுத்தாளனோ அதை ஏற்கவில்லை. வீட்டில் எஞ்சியிருப்பவற்றையும் மாந்தர் சொல்வதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறான். அவளை அடைய விரும்பிய உறவினனான நாணுக்குட்டன், ரயில் பயணத்தில் சசிகுமாருக்கு நஞ்சிட்டதும், பார்கவியைக் கிணற்றில் தள்ளியதும் வெளிப்படுகின்றன. தான் எழுதியதை அவன் அந்த வெற்று வீட்டில் பார்கவிக்கே படித்துக் காட்டுகிறான். இறுதியில் கிணற்றடியில் நிகழும் போராட்டத்தில் நாணுக்குட்டன் அதே கிணற்றில் வீழ்ந்து மடிகிறான்.

ஆகவே இந்தப் படத்தில் பேய் கொடுமைக்காரி அன்று. அநீதி இழைக்கப்பட்ட வழக்காளி. கொடியவன் உயிரோடு ஊருக்குள் உலவும் மனிதன். ஊராரின் வதந்தி அவனுக்குப் பாதுகாப்பு. பேய் என்ற பெயரைச் சூட்டிவிட்டால், அவள் எப்படி இறந்தாள் என்று எவரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? உயிருடன் புதைக்கப்பட்ட பெண் மகவிடம், எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என மறுமையில் வினவப்படும் என்று திருமறையின் 81ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. வினா கொன்றவனிடம் செல்லாமல் முதலில் அந்தப் பிள்ளையிடம் செல்வதைக் கவனியுங்கள். பேச வாய்ப்பே பெறாதவளுக்கு முதற்பேச்சு அளிக்கப்படுகிறது. பஷீரின் எழுத்தாளன் செய்வதும் இதன் ஒரு சிறு நிழலே.

இதனால்தான் படம் நிலைத்தது என்பது என் துணிபு. அச்சம் ஓரிரவில் தீர்ந்துவிடும். நீதி கிடைத்ததா என்னும் கேள்வி தீருவதில்லை. நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டும் அகால மரணங்களின் கதையை நூற்றாண்டுகளாகச் சுமந்து வந்தது அதே கேள்விக்காகத்தான். 2023இல் ஆஷிக் அபு இக்கதையை 'நீலவெளிச்சம்' என்ற பெயரில் வண்ணப்படமாக மீண்டும் எடுத்தார். பாபுராஜின் பழைய மெட்டுகளையே அதிலும் கையாண்டனர். அந்த மெட்டுகளை விட்டுவிட்டு அக்கதையைச் சொல்ல இயலவில்லை என்பதே பழைய படத்தின் வெற்றிக்குப் போதிய சான்று.

பேயிலிருந்து நோய்க்கு

இந்த வரலாற்றில் இன்னொரு படியும் உண்டு. 'பார்கவி நிலைய'த்தில் நடித்ததால் பஷீரிடமிருந்து 'குதிரவட்டம் பப்பு' என்னும் பெயரைப் பெற்ற நகைச்சுவை நடிகர், 29 ஆண்டுகளுக்குப்பின் 'மணிச்சித்ரதாழ்' (1993) படத்தில் பேய்க்கு அஞ்சி நடுங்கும் ஒருவராக நடித்தார். பாசில் இயக்கிய அந்தப் படத்தின் பல காட்சிகள் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. அதன் தமிழ் வடிவம் 2005இல் 'சந்திரமுகி' ஆகி, சென்னையில் ஒரே அரங்கில் எண்ணூறு நாட்களுக்கு மேல் ஓடியது. அக்கதையில் பேயே இல்லை. பேய் பிடித்ததாகத் தோன்றும் பெண் மனநோய்க்கு ஆளானவள். அவளுக்கு வேண்டியது மருத்துவம் என்பதே அதன் முடிவு. மூன்று தலைமுறைக்குள் காஞ்சனையின் ஐயம் பார்கவியின் நீதியாகிப் பின் ஒரு நோயாளியின் சிகிச்சையாக மாறிவிட்டது.

திரையில் மாறியது தரையில் மாறிற்றா? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட இயலாமல் மாண்டனர். நம் பிள்ளைகளும் பிறர் பிள்ளைகளுமாக அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கல்நெஞ்சர் அல்லர். ஜின் பிடித்தது, ஏவல், செய்வினை என்று எண்ணி, எங்கேனும் நிவாரணம் கிடைக்காதா என ஏங்கியவர்களே. உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அறவே தடை செய்தது. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே மருந்தும் பிரார்த்தனையும் இணைந்த 'தவா–துஆ' என்னும் திட்டமும் பின்னர் வந்தது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள். மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் மொழிந்ததற்கு ஏற்றதோர் ஏற்பாடு அது. ஆனால் 28 உயிர்களுக்குப் பிறகே நாம் அவ்வழிக்கு வர வேண்டியிருந்தது.

இங்கே பஷீரின் வாழ்க்கையை நினைக்காமலிருக்க முடியவில்லை. அவரே மனநோயால் வருந்தி மருத்துவம் பெற்றவர். மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற 1954ஆம் ஆண்டிலேயே 'பாத்துமாவின் ஆடு' என்னும் நகைச்சுவை நிறைந்த நாவலை எழுதினார். அவரைச் சங்கிலியிட்டு ஒரு கொட்டகையில் தள்ளியிருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, நெல்லையில் வாழ்ந்து 2019இல் மறைந்த தோப்பில் முகம்மது மீரானும் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் (1988) இதே புண்ணைத் தொட்டுக் காட்டினார். ஜின்னைச் சொல்லியும் பரக்கத்தைச் சொல்லியும் பாமரரை ஏய்ப்பவர்களை நம்பி ஒரு முஸ்லிம் ஊர் கெடுவதை அவர் மறைக்காமல் எழுதினார். அந்நாளில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால், கசப்பான மருந்தை ஊட்டியவர் நம் வீட்டார்தான்.

ஓதிப் பார்ப்பது ஸுன்னத், அதை நான் மறுக்கவில்லை, நானும் செய்கிறேன். ஆனால் ஓதியபின் மருத்துவரிடம் போகாதே என்று எந்தக் கிதாபும் சொல்லவில்லை. இரவெல்லாம் உறங்காத பெண்ணைக் கண்டால், இவளை எது பிடித்திருக்கிறது என்று கேட்குமுன், இவளுக்கு யார் என்ன செய்தார்கள், இவளுக்கு என்ன நோவு என்று கேட்போம். மாமியார் வீட்டுத் துன்பமும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனத்தளர்ச்சியும், சொல்ல இயலாத அவமானமும் எத்தனையோ வீடுகளில் பேயின் பெயரால் மூடப்பட்டிருக்கலாம். பார்கவியின் கிணற்றை ஊரார் மூடியது போன்றதே இதுவும்.

அந்தப் பையனை மறுவாரம் தெருவில் கண்டேன். அவன் கேள்விக்கு விடை சொன்னேன். ஜின் உண்டு, அதுவும் நம்மைப் போல் அல்லாஹ்வின் படைப்பு, அவன் நாட்டமின்றி அதனால் எவருக்கும் எதுவும் செய்ய முடியாது. செத்தவர் திரும்பி வருவதில்லை. அவர்களுக்காக நாம் துஆ செய்யலாம். பிறகு, எண்ணெய் தீர்ந்த விளக்கில் நீல வெளிச்சம் எரிந்த கதையைச் சொன்னேன். மூச்சு விடாமல் கேட்டவன், "அந்த மாமா ஏன் பயப்படல?" என்றான்.

"அவர் முதலில் ஸலாம் சொல்வதுபோல் மரியாதையாகப் பேசினார். பயந்தவர்கள் ஓடினார்கள், அவர் நின்று, உனக்கு என்ன நடந்தது என்று கேட்டார்" என்றேன். அன்றிரவு நன்றாக உறங்கினான் என்று அவன் தாய் பின்னர் சொல்லியனுப்பினார்.

அச்சத்தை அறிவாலும், தனிமையைத் தோழமையாலும், அநீதியை உண்மையாலும் வெல்லும் ஆற்றலை வல்ல இறைவன் நம் இல்லங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.